நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு என்ன கோரை வைக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சுவரோரச் செடிகளைப் பற்றி எழுதியபோது, "வெயிலே படாமல் எப்போதும் நசநசவென்று ஈரமாகக் கிடக்கிற இடமா, அங்கே அழகுக் கோரை வையுங்கள்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். கோரையா, அதை ஏன் வீட்டுக்குள் கூப்பிடுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அதனால் இந்த முறை முழுக்கவே கோரைதான்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே, வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து. பக்கத்து வீடு மூன்று மாடி என்பதால் வெயில் எட்டியே பார்க்காது. இரண்டு ஏ.சி. தண்ணீரும் அங்கேதான் சொட்டுகிறது. புல்தரை போட்டோம், மஞ்சளாகிப் பட்டுப்போனது. இப்போது பாசி வழுக்குகிறது. பேசாமல் டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வேறு வழி உண்டா?
— வாசகி, அம்பத்தூர்

டைல்ஸ் போட்டால் பாசி டைல்ஸ் மேல் பிடிக்கும், வழுக்கல் இன்னும் கூடும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற ஒரு செடியை அங்கே வைப்பதுதான் சரி.

புல்தரை பட்டுப்போனதற்கு உங்கள் கவனிப்பில் குறை இல்லை. நாம் தரைக்குப் போடுகிற அருகு, கொரியன் புல் எல்லாமே நல்ல வெயில் கேட்பவை, அதோடு வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கோரை பார்க்கப் புல்போல இருந்தாலும் வேறு குடும்பம். தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் தண்டு உருண்டையாக, பெரும்பாலும் உள்ளே கூடாக, கணு கணுவாக இருக்கும். கோரைத் தண்டில் கணு கிடையாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும், மூன்று பட்டை விரலில் தட்டுப்படும் (குடைக்கோரையில் மட்டும் இந்தப் பட்டை கொஞ்சம் மழுங்கலாக இருக்கும்). உலகத்தில் 5,000க்கு மேல் கோரை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய இனங்கள் சதுப்பிலும் ஓடைக்கரையிலும் மரநிழலிலும் வளர்ந்து பழகியவை.

முதலில் வெளிச்சத்தை அளந்துவிடுங்கள். பகல் 12 மணிக்குச் சந்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் மங்கலாகவாவது விழுந்தால் கோரை வரும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் எந்தச் செடிக்கும் இருட்டு. அங்கே பெரணிகூடத் திணறும். சந்தின் மேல் வானம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்று கேளுங்கள். பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடையில் அந்தப் பெயரில்தான் தருவார்கள். அதுதான் குடைக்கோரை, சைபெரஸ் இன்வோலுக்ரேட்டஸ். ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் சொந்த ஊர். மூன்று, நாலு அடி உயரத் தண்டின் உச்சியில் குடைக்கம்பிகளைப் போல் இலைகள் சுற்றி விரியும். இதன் தம்பி ஒன்று உண்டு, சைபெரஸ் ஆல்போஸ்ட்ரியேட்டஸ். தென்னாப்பிரிக்கச் செடி, ஒன்றரை அடிக்கு மேல் பெரும்பாலும் போகாது, இலை அகலம், நிழலை இன்னும் நன்றாகவே தாங்கும். நாலடிச் சந்துக்கு நான் இந்தக் குட்டையைத்தான் சொல்வேன். அதிலேயே வெள்ளைக்கோடு போட்ட வகையும் கிடைக்கிறது. இருண்ட இடத்தில் அந்தக் கோடு எடுப்பாகத் தெரியும். கோடு போட்ட செடியில் நடுவே முழுப்பச்சைத் தண்டு முளைத்தால் அடியோடு எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பச்சைதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

ஒரு அடி ஆழம் தோண்டி, கட்டடம் கட்டியபோது போட்ட செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். மணலை அதிகம் போட வேண்டாம், ஈரம் பிடிக்கிற மண்தான் இதற்கு வேண்டும். காம்பவுண்டு ஓரமாக ஒரே வரிசை, செடிக்குச் செடி ஒரு அடி. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளியிருக்கட்டும். அஸ்திவாரத்தை ஒட்டி எப்போதும் ஈரம் நிற்பது சுவருக்கு நல்லதில்லை. அந்த ஒன்றரை அடியில் கடப்பாக் கல் போட்டால் நடக்கவும் வழி கிடைக்கும். ஏ.சி. குழாய்களை ஒரு பைப்பில் சேர்த்துச் செடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து விழுகிற தண்ணீர், உப்பே கிடையாது, சென்னை போர் தண்ணீரைவிடச் செடிக்கு எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் கவனம்: ஜனவரி, பிப்ரவரியில் மழையும் இருக்காது, ஏ.சி.யும் ஓடாது. அப்போது நீங்கள்தான் ஊற்ற வேண்டும்.

நான் விவசாயி. கோரை முளைத்துவிட்டால் அந்த வயலில் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் காசு கொடுத்துக் கோரை வாங்கி வைக்கச் சொல்வது நியாயமா?
— வாசகர், மன்னார்குடி

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் வயலில் இருப்பது கோரைக்கிழங்குக் கோரை, சைபெரஸ் ரோட்டுண்டஸ். உலகத்தின் மிக மோசமான களை எது என்று பட்டியல் போட்டவர்கள் இதைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். மண்ணுக்குள் கொடி ஓடி, கொடியில் சங்கிலியாகக் கிழங்கு வைக்கும். மேலே பிடுங்கினால் தழை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து திரும்ப முளைக்கும். பிளாஸ்டிக் மூடாக்குப் போட்டால் அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும்.

நான் சொன்ன குடைக்கோரையும் குட்டைக் கோரையும் அப்படிக் கிழங்கு வைப்பதில்லை. தூர் கட்டி, வைத்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். ஒரே பெயரைச் சுமப்பதால் எல்லாக் கோரையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதை நான் அழுத்தியே சொல்வேன். இன்னொன்று, வயல் கோரைக்கு நிழல் ஆகாது. மக்காச்சோளமும் கரும்பும் எந்த வழியில் வெயிலை வாங்கி உணவாக்குகின்றனவோ அதே வழிதான் அதற்கும், அதனால் கொளுத்துகிற வெயிலில் கொண்டாட்டமாக வளரும், நிழல் விழுந்தால் சுருங்கும். பயிர் அடர்ந்து மூடிய இடத்தில் அது வலுவிழப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனாலும் இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நர்சரித் தொட்டி மண்ணில் இந்தக் களைக் கோரையின் கிழங்கு ஒளிந்து வருவது சகஜம். எந்தச் செடி வாங்கினாலும் நடுவதற்கு முன் வேர்மண்ணை உதிர்த்து, கறுப்பாகக் கடலைப்பருப்பு அளவில் கிழங்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்தது, குடைக்கோரை ஈரமான இடத்தில் விதை விழுந்தும் முளைக்கும். ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் தோட்டத்தைத் தாண்டி நீர்நிலைக் கரைகளில் பரவியிருக்கிறது. வெட்டிய தண்டை, பூவை வாய்க்காலிலும் ஏரியிலும் கொட்டாதீர்கள். உங்கள் பக்கமெல்லாம் வாய்க்கால் பாசனம், இதில் அலட்சியம் கூடவே கூடாது. பூ பழுத்துப் பழுப்பாகும் முன் நறுக்கி உரக்குழியில் போட்டு மூடிவிடுங்கள்.

குடைக்கோரை ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். இதிலிருந்து நிறையச் செடி உண்டாக்க முடியுமா? விதை வாங்க வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

விதையே வேண்டாம். நன்றாக முற்றிய, இன்னும் பச்சையாக இருக்கிற ஒரு தண்டைப் பார்த்து, உச்சிக் குடைக்குக் கீழே இரண்டு அங்குலம் காம்பு விட்டு வெட்டுங்கள். குடையின் இலைகளைக் கத்தரிக்கோலால் பாதிக்கும் மேல் குறைத்துவிடுங்கள், இரண்டு அங்குலம் இருந்தால் போதும். இப்போது அதைத் தலைகீழாக, குடை தண்ணீருக்குள்ளும் காம்பு மேலேயும் இருக்கிற மாதிரி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு வையுங்கள். நிழலில் இருக்கட்டும், இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில், இலைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்கிற அந்த நடுப்புள்ளியைப் பாருங்கள். இலைக்கும் காம்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் முதலில் ஒரு வெளிர்ப்பச்சை முனை தெரியும். அப்புறம் அதன் அடியிலிருந்து வெள்ளை வேர் கீழே இறங்கும். ஒரே குடையில் நாலைந்து முளைகூட வரும். பழைய இலைகள் அதற்குள் பழுப்பாகித் தொங்க ஆரம்பித்துவிடும், பயப்படாதீர்கள். முளை விரல் நீளம் வந்ததும் மொத்தத்தையும் அப்படியே சேற்று மண்ணில் பதித்துவிடலாம். செடி தன் இடத்தில் செய்வதும் இதையேதான். முதிர்ந்த தண்டு கரையிலிருந்து சாய்ந்து, குடை தண்ணீரைத் தொட்ட இடத்தில் வேர்விடும். அதன் வழக்கத்தைத்தான் நாம் டம்ளருக்குள் கொண்டுவருகிறோம்.

வெள்ளைக்கோடு வகைக்குத் தூர் பிரிப்பதே நல்லது. தூரை வெளியே எடுத்து, ஓரத்திலுள்ள இளம் பகுதியை மூன்று நாலு தண்டோடு அரிவாளால் பிளந்து நடுங்கள். நடுத்தூர் பெரும்பாலும் கிழடாகிக் கட்டையாகியிருக்கும், அதை விட்டுவிடலாம். உங்கள் ஊருக்கு இரண்டு மழையும் கிடைக்கும் என்பதால் ஜூனிலும் பிரிக்கலாம், அக்டோபரிலும் பிரிக்கலாம். மற்ற சமவெளி ஊர்க்காரர்கள் ஐப்பசி மழை வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பால்கனியில் வைத்திருக்கும் குடைக்கோரையின் இலை நுனியெல்லாம் கருகுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். நுனியை வெட்டி வெட்டி அலுத்துவிட்டது.
— வாசகர், வேலூர்

மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். தினமும் ஊற்றுவது இருக்கட்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தீர்களா? மே மாத அனல்காற்றில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காணாமல் போகும். மற்ற செடிகளுக்குத் தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன். இந்தக் கோரைக்கு அந்த விதி கிடையாது. ஓட்டையில்லாத ஒரு பெரிய தொட்டிக்குள் செடித்தொட்டியை இறக்கி, அடியில் மூன்று நாலு அங்குலம் தண்ணீர் நிற்கவிடுங்கள். குடைக்கோரை அதில் சந்தோஷமாக இருக்கும்.

தண்ணீரில் உப்பு அதிகமென்றாலும் நுனிதான் முதலில் கருகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். படிந்தால் மாதம் ஒருமுறை மழைநீரோ ஏ.சி. தண்ணீரோ தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக உப்பைக் கழுவி வெளியே விடுங்கள். கடைசியாக, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசிமுனைப் புள்ளிகள், மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். வறண்ட காற்றில்தான் அது பெருகும். குழாயைத் திருப்பி இலையடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், வாரம் இரண்டு தடவை. போதவில்லை என்றால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நுனி வெட்டுவதை நிறுத்துங்கள். குடைக்கோரையில் வெட்டிய தண்டு திரும்ப வளராது, புதுத்தண்டு தூரிலிருந்துதான் வரும். அசிங்கமாகிவிட்ட தண்டை மண்ணை ஒட்டி மொத்தமாக அறுத்துவிட்டால் புதியது வர இடம் கிடைக்கும்.

தொட்டியடியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் டெங்கு கொசு வராதா? எங்கள் தெருவில் வாரா வாரம் சோதனைக்கு வருகிறார்கள்.
— வாசகி, திருச்சி

வரும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய, சின்னச் சின்னத் தண்ணீரில்தான் முட்டையிடும். செடித் தட்டு அதற்கு ரொம்பப் பிடித்த இடம். இதில் சமாதானமே கிடையாது.

கோரைக்கு வேண்டியது வேருக்கு ஈரம், கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் அதற்குத் தேவையில்லை. வெளித்தொட்டிக்கும் உள்தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி முழுக்கக் கூழாங்கல்லோ முக்கால் அங்குல ஜல்லியோ நிரப்பிவிடுங்கள். தண்ணீர் மட்டம் எப்போதும் கல்லுக்கு இரண்டு அங்குலம் கீழேயே இருக்கட்டும். தண்ணீரின் மேற்பரப்பு கொசுவுக்கு எட்டாது. பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் கப்பி மீன் நாலைந்து விட்டால் புழுவை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். இந்த இரண்டும் முடியாது, வெறும் தட்டுதான் என்றால் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு வையுங்கள். தேய்ப்பது முக்கியம், முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது.

பாப்பிரஸ் என்று ஒரு செடி, எகிப்தில் காகிதம் செய்தது என்று சொல்லி நர்சரியில் விற்கிறார்கள். வீட்டின் பின்பக்கம் நிழலில் வைக்கலாமா?
— வாசகர், ஓசூர்

வேண்டாம். அதுவும் கோரைதான், ஆனால் வெயில் கோரை. நைல் சதுப்பில் பத்துப் பதினைந்து அடி வளர்கிற செடி அது. நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து, தலை கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். நாள் முழுக்க வெயில் விழுகிற தண்ணீர்த் தொட்டி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மாமரத்தடி முழுக்க நிழல். ஒன்றுமே வளர மாட்டேன் என்கிறது. கோரை வைத்துத் தண்ணீர் விட்டால் பசுமையாக இருக்குமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

உங்கள் இடத்தில் நிழல் இருக்கிறது, ஈரம் இல்லை. மாமரத்தின் வேர் மேல்மண்ணிலுள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், அதோடு இலைச்சருகு வேறு விழுந்துகொண்டே இருக்கும். கோரைக்காக அங்கே தினமும் தண்ணீர் விட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. மா பூப்பதற்கு முன், நவம்பர், டிசம்பரில் மண் கொஞ்சம் காய வேண்டும். அப்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் மரம் பூவுக்குப் பதிலாகத் துளிர்விடும். கிருஷ்ணகிரிக்காரருக்கு நான் மாமரத்தைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை! ஒரு கோரைக்காக மாங்காயை விட்டுக்கொடுக்காதீர்கள். மருள், ஸ்பைடர் பிளான்ட் இரண்டும் வறண்ட நிழலைத் தாங்கும், அவற்றைத் தொட்டியோடு அங்கங்கே வையுங்கள். மற்ற இடத்தில் சருகை அப்படியே மூடாக்காக விட்டுவிடலாம்.

என் மகள் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய படத்தில், மரநிழலில் மஞ்சள் கோடு போட்ட குட்டையான கோரை கொத்துக்கொத்தாக இருந்தது. காரெக்ஸ் என்றாள். குன்னூரில் வருமா? அவள் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா?
— வாசகி, குன்னூர்

படத்தில் இருந்தது காரெக்ஸ் ஒஷிமென்சிஸ் இனத்தின் 'எவர்கோல்ட்' வகையாக இருக்க வேண்டும். ஜப்பானியச் செடி. இலையின் நடுவில் வெளிர்மஞ்சள், இரு ஓரமும் பச்சை, ஒரு அடி உயரத்துக்குள் வளைந்து விழும். குன்னூர், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கமெல்லாம் தாராளமாக வரும். ஊட்டியின் உறைபனியையும் தாங்கும். சமவெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், குளிர்காலத்தில் அழகாக இருந்துவிட்டுச் சித்திரையில் போய்விடும். காரெக்ஸில் மட்டும் சுமார் 2,000 இனங்கள் இருந்தாலும் கடைக்கு வருபவை பெரும்பாலும் குளிர்ந்த நாட்டுச் செடிகள்தான்.

மகளிடம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை அப்படித்தான் சொல்கிறது. பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவருகிற ஒரு பிடி வேர்மண்ணில் என்ன பூஞ்சை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நீலகிரியில் ஏற்கெனவே வெளியிலிருந்து வந்து பரவியவற்றால் சோலைகள் படுகிற பாடு போதும். மலை நர்சரிகளில் சொல்லிவைத்து வாங்குங்கள்.

வைத்த பிறகு பெரிய வேலையில்லை. மரநிழலில், இலைமக்கு நிறைந்த மண்ணில், ஒரு அடிக்கு ஒன்று. குடைக்கோரைக்குச் சொன்னபடி இதை அடியோடு அறுக்காதீர்கள். இது ஆண்டு முழுக்கப் பச்சையாக இருப்பது, மொட்டையடித்தால் மீள ரொம்ப நாள் எடுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, விரல்களால் தூரைக் கோதி, காய்ந்த இலைகளை மட்டும் இழுத்தெடுத்தால் போதும். கையுறை கண்டிப்பாக வேண்டும், காரெக்ஸ் இலையின் ஓரம் தோலைக் கீறிவிடும். நியூசிலாந்துக் காரெக்ஸ் சிலவற்றின் இலை இயல்பிலேயே பழுப்பு நிறம். காய்ந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

உங்கள் மலையிலேயே ஒரு அருமையான காரெக்ஸ் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசில்லை. சோலை ஓரங்களில் இடுப்பளவு உயரத்தில், நீண்ட கரும்பச்சை இலைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று மணிமணியாகக் கொத்து தொங்குகிற கோரையைப் பார்த்திருப்பீர்கள். காரெக்ஸ் பாக்கன்ஸ் அது. கோரைப் பழம் பொதுவாகப் பழுப்பாக, யாரும் திரும்பிப் பார்க்காதபடிதான் இருக்கும். இது சிவந்து மினுங்கும். இலங்கையின் மலைக்காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும்கூட உண்டு. காட்டிலிருந்து தோண்டி எடுக்கக் கூடாது, அது சட்டப்படியும் தப்பு. ஆனால் உங்கள் எஸ்டேட் எல்லைக்குள்ளோ தோட்ட ஓடையோரத்திலோ தானாக முளைத்து நின்றால் களை என்று வெட்டாமல் காப்பாற்றுங்கள். தூர் பருத்ததும் பிரித்து நடலாம்.

பாய்க்கோரையை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா? பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறோம், ஆசையாக இருக்கிறது.
— வாசகி, அம்பாசமுத்திரம்

வளர்க்கலாம், ஆனால் நிழலில் வேண்டாம். பத்தமடையில் பட்டுப்பாய் நெய்கிற கோரை, சைபெரஸ் பாங்கோரெய், ஆற்றங்கரை ஈரத்தில் வெயில் வாங்கி வளர்வது. காவிரிக்கரையில் கரூர், முசிறி பக்கம் வயலாகவே போட்டுத் தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். நிழலில் தண்டு பலமில்லாமல் சாய்ந்துவிடும், கீறி நெய்யவும் உதவாது. சங்கப் பாடல்களிலேயே சிறுமிகள் பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து விளையாடுகிறார்கள், அவ்வளவு பழைய உறவு நமக்கும் கோரைக்கும். தாமிரபரணிக்கரையில் இருந்துகொண்டு உங்களுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிணற்றடியிலோ அடிபம்பு பக்கத்திலோ அரைநாள் வெயில் விழுகிற இடம் இருந்தால் ஒரு பாத்தி போடுங்கள், கிழங்குத்துண்டு விவசாயிகளிடமே கேட்டு வாங்கலாம். பக்கவாட்டில் ஓடும், ஆகவே பாத்தியைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் வைத்துத் தடுத்துவிடுங்கள்.

குளியலறைத் தண்ணீரைக் குடைக்கோரைப் பாத்திக்கு விட்டால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், திண்டுக்கல்

பாதி உண்மை. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற சதுப்புப் பாத்திகளில் குடைக்கோரையையும் கல்வாழையையும் நடுவது பல நாடுகளில் இருக்கிற முறைதான். ஆனால் அழுக்கைத் தின்பது செடி மட்டுமில்லை. ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழ்கிற நுண்ணுயிர்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. வேர் அவற்றுக்கு இடமும் கொஞ்சம் காற்றும் கொடுக்கிறது, கரைந்த சத்தில் ஒரு பங்கையும் உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் ஒரு குழி வெட்டி நாலு செடியை நட்டுக் குழாயைத் திருப்பிவிட்டால் அது சாக்கடைதான் ஆகும்.

செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள். தண்ணீர் இறங்காத சிமென்ட் பாத்தி, இரண்டடி ஆழம், வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது பரப்பு. உள்ளே முழுக்க ஜல்லி. தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், வெளியேறும் குழாயின் வாய் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் மேலே தெரியாது, நாற்றமும் கொசுவும் இருக்காது. நுழையும் இடத்தில் முடி, சோப்புத் துண்டு தங்க ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி கட்டுங்கள். அடுப்படித் தண்ணீரை இதில் விடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துவிடும். பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் இறங்கக் கூடாது, நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வெளியே வருகிற தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் போகலாம், கீரைக்கும் கேரட்டுக்கும் வேண்டாம். முழு நிழலில் இந்தப் பாத்தி மந்தமாகிவிடும். தினமும் மூன்று நாலு மணி நேரமாவது வெயில் வருகிற இடமாகப் பாருங்கள்.

வீட்டுக்குப் பின்னால் பலா நிழல், பக்கத்தில் ஓடை, எப்போதும் ஈரம். கோரையோடு சேர்த்து வேறு என்ன வைக்கலாம்? சமையலுக்கு உதவுவதாக ஏதாவது இருந்தால் நல்லது.
— வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் இடத்தைக் கேட்கவே ஆசையாக இருக்கிறது. கோரையின் இலை மெலிசு, கோடு கோடாக நிற்பது; அதனால் பக்கத்தில் அகல இலையை வைத்தால்தான் இரண்டும் எடுக்கும். சேம்பு அதற்கென்றே ஆனது, கிழங்கும் கிடைக்கும். ரம்பை வையுங்கள், சோற்றிலும் பிரியாணியிலும் ஒரு இலை போட்டால் வீடே மணக்கும், ஈரமும் அரைநிழலும் அதற்குப் பிடிக்கும். ஓடைக்கரையின் சேற்றிலேயே வசம்பு வரும், இலையைக் கசக்கினாலே வாசனை. கல்லிடுக்குகளில் பெரணியை விட்டுவிடுங்கள், அது தானே வழி பார்த்துக்கொள்ளும். ஓடைக்கரையில் சம்பு முளைத்து வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். பலர் அதையும் கோரை என்றே நினைக்கிறார்கள். அது வேறு குடும்பம், விட்டால் ஓடையையே அடைத்துக்கொள்ளும்.

கோரைப் புதரில் பாம்பு வந்து அடையும் என்று மாமியார் வேண்டாம் என்கிறார்.
— வாசகி, செங்கல்பட்டு

அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். தவளையும் எலியும் இருக்கிற, அடர்ந்து ஈரமான எந்தப் புதருக்கும் பாம்பு வரலாம், கோரை என்றில்லை. வாசற்படிக்கும் துவைக்கிற கல்லுக்கும் பக்கத்தில் உயரக் குடைக்கோரை வேண்டாம், அங்கே தொட்டியில் வைக்கிற குட்டை வகை போதும். தரையில் வைத்ததை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய தண்டுகளை அறுத்து, தூருக்கடியில் தரை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விலக்கிவிடுங்கள். பக்கத்தில் செங்கல், விறகு, தேங்காய் மட்டை எதையும் குவிக்காதீர்கள். ராத்திரி அந்தப் பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போக வேண்டாம்.